விநாடிக்குத் தொண்ணூற்றொன்பது முறை

நீலாயதாட்சிக்கு எதையும் அளந்து பார்க்காமல் நம்பும் வழக்கம் இல்லை. காரைக்காலிலிருந்து நெடுங்காட்டுக்குப் போகும் பேருந்தைப் பற்றிக் கேட்டால் நிறுத்தத்துக் கடைக்காரர் "இப்ப வந்துரும்" என்பார். அந்த "இப்ப" சராசரியாகப் பதினேழு நிமிடம் என்று நீலாயதாட்சி உடனே திருத்துவார். ஒருமுறை தலைவலி என்று மருத்துவரிடம் போனபோது, எந்தெந்த நாளில் எத்தனை மணிக்கு வலி தொடங்கி எத்தனை மணிக்கு விட்டது என்று கோடு போட்டு எழுதிய தாளை நீட்டினார். அதைப் படித்து முடிப்பதற்குள் மருத்துவருக்கே தலை வலித்துவிட்டது என்று அவருடைய கணவர் கார்த்திகேசன் இன்றைக்கும் விருந்தாளிகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கார்த்திகேசனும் அந்த அளவுகோலுக்குத் தப்பியவர் அல்லர். நாற்பது நிமிடத்தில் அரைபட வேண்டிய இட்லி மாவு வீட்டு கிரைண்டரில் ஒன்றேகால் மணி நேரம் ஓடுகிறது, கல் தேய்ந்து போயிற்று, புது கிரைண்டர் வாங்கியே தீர வேண்டும் என்று அவர் ஒருமுறை வாதாடினார். நீலாயதாட்சி மறுத்தும் பேசவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடிகாரமும் நோட்டுமாகச் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கல்லில் ஒரு குறையும் இல்லை. மாவு ஆகிவிட்டதா என்று பார்ப்பதற்காகக் கார்த்திகேசன் இருபத்துமூன்று முறை கிரைண்டரை நிறுத்தி மூடியைத் திறந்திருந்தார்.

"நீங்க பாக்குறத நிறுத்துங்க. மாவு தானா ஆயிடும்" என்று தீர்ப்புச் சொன்னார் நீலாயதாட்சி. இருபத்துமூன்று என்னும் எண் அன்று முதல் உறவுக்காரர்களிடையே கார்த்திகேசனின் மறுபெயராக நிலைத்தது.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த உத்தியோகமும் பொருத்தமானதே. காரைக்காலில் உள்ள அரசலாறு வேளாண் பண்டகசாலை என்பது நெடுங்காடு, வரிச்சிக்குடிப் பக்கத்து உழவர்களுக்கு விதைநெல்லும் உரமும் விற்கும் சங்கம். இருபத்திரண்டு வயதில் அங்கே தட்டச்சராகச் சேர்ந்த நீலாயதாட்சி, இப்போது நாற்பத்தொன்பது வயதில் கணினிப் பொறுப்பாளர். உள்ளறையில் இருக்கும் சர்வர் என்னும் தாய்க் கணினியில்தான் சங்கத்தின் எல்லா ரசீதும் எல்லாக் கடிதமும் உருவாகும். அதன் ஒவ்வொரு வயரிலும் எது எங்கே போகிறது என்று அவர் கையால் எழுதிய சீட்டு தொங்கும். எந்தச் சிக்கலுக்கு எந்தக் கட்டளை என்பதை, உரக் கம்பெனிக்காரர்கள் ஆண்டுதோறும் தரும் நீள டைரியில் தேதியிட்டு எழுதி வைத்திருப்பார். கருப்புத் திரையில் வெள்ளை எழுத்தாகக் கட்டளைகளைத் தட்டுவதே அவருக்குப் பிடித்த முறை. அம்புக்குறியை நகர்த்திப் படத்தின்மேல் அமுக்குவது, பெயர் தெரியாதவரைக் கைதட்டிக் கூப்பிடுவதைப் போன்றது என்பது அவருடைய கருத்து.

அந்தச் சர்வருக்குத்தான் இந்த ஆண்டு கேடு வந்தது.

ஆனி மாதத்தில் ஒரு நாள் இடி இடித்து, எதிர்ப்புறத்துச் செல்பேசிக் கடையின் கணினி கருகிப்போயிற்று. சங்கத்தின் செயலாளர் சோமசேகரன் நடுங்கிவிட்டார். சர்வரில் உள்ள விவரங்களுக்கு மாற்று நகல் எடுத்து வைக்கும் நிரல் ஒன்று உண்டு. "காப்பு" என்பது அதன் பெயர். நாள்தோறும் மாலை ஆறு மணிக்கு ஒருமுறை ஓடிவந்த அதை, இனிமேல் கால் மணிக்கு ஒருமுறை ஓடவிட வேண்டும் என்று அவர் உத்தரவிட்டார். நீலாயதாட்சியும் ஒரு வரியை மாற்றிக் கொடுத்தார். ஆடி பிறந்து விதை வாங்கக் கூட்டம் சேரத் தொடங்கியதும் கோளாறு வெளிப்பட்டது. நாள்தோறும் ஏதோ ஒரு வேளையில் சர்வர் மெதுவாகும். முதலில் ஒரு ரசீதுக்கு ஒரு நிமிடம், பிறகு மூன்று, பிறகு பத்து. ஒன்றரை மணி நேரம் கழிந்ததும் ஒன்றுமே நடக்காததுபோல் துள்ளி எழுந்து ஓடும்.

புதிதாக வாங்கிய எதுவும் பழையதைவிட மேலானது என்பது சோமசேகரனின் வாழ்க்கைத் தத்துவம். அவர் புதுச்சேரியிலிருந்து ஒரு நிறுவனத்தாரை வரவழைத்தார். அவர்கள் வந்தது ஒரு திங்கட்கிழமை. அன்று முழுதும் சர்வர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"பாத்தீங்களா? விவரம் தெரிஞ்சவங்க கால் வச்சதுமே பயந்து ஓடுது" என்றார் சோமசேகரன்.

வந்தவர்கள் திரையில் ஒரு பட்டியலைக் காட்டினார்கள். மெதுவாகும் நேரங்களில் "காப்பு" நிரல்தான் இயந்திரத்தின் பலம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. விவரங்கள் பெருகிவிட்டன, நகல் எடுக்கும் சுமையை இந்தக் கிழட்டு இயந்திரம் தாங்காது; புது சர்வரும் அதைக் கவனிக்க எங்கள் ஆளும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போனார்கள்.

"வெள்ளிக்கிழம நிர்வாகக் குழு கூட்டம்" என்று சோமசேகரன் நீலாயதாட்சியிடம் சொன்னார். "அதுக்குள்ள காரணம் கண்டுபிடிச்சுட்டீங்கன்னா சரி. இல்லேன்னா புது மெஷினு, புது ஆளு. நீங்க நெடுங்காடு கிடங்குக்குப் போயி மூட்டை இருப்பப் பாத்துக்குங்க. உங்க சொந்த ஊருதானே, சந்தோஷமாப் போங்களேன்."

நெடுங்காட்டுக் கிடங்கு தகரக் கொட்டகை. ஒரு விளக்கு, ஒரு நாற்காலி, பூச்சிமருந்துத் தூளின் நெடி. நீலாயதாட்சியை அவை உறுத்தவில்லை. தம் இயந்திரம் கிழடு என்று ஒருவர் அளந்து பாராமலேயே சொல்லிவிட்டுப் போனாரே, அதுதான் உறுத்தியது. "காப்பு பலத்தை எடுத்துக்கொள்கிறது" என்றார்களே தவிர, எடுத்துக்கொண்டு அது என்ன செய்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. கார்த்திகேசன் கல் தேய்ந்துவிட்டது என்ற அதே தொனி.

சர்வர் மெதுவாகும் நேரங்களைத் தேதி வாரியாக ஒரு தாளில் எழுதி, ரசீதுச் சாளரத்தின் பக்கத்தில் ஒட்டினார். ரசீதுச் சாளரத்தில் இருப்பவர் சஜிதா. கைவேகமும் வாய்வேகமும் ஒருங்கே வாய்த்த பெண். அந்த வியாழக்கிழமை பிற்பகல் இரண்டரை மணிக்குச் சாளரத்தின் முன்னால் நின்றவர் வரிச்சிக்குடி செல்லையன். கையில் சிட்டா, தோளில் துண்டு, மூன்றாம் நாளாக வருகிறார்.

"ஆச்சாம்மா?" என்றார் செல்லையன்.

"இல்லீங்க, சுத்திக்கிட்டே நிக்குது."

"இப்ப?"

"இப்பத்தானே கேட்டீங்க, பெரியவரே!"

"வாய்க்கால்ல எங்க முறைத் தண்ணி நாளையோட முடியுதும்மா. இன்னும் விதை ஊறப் போடல. இப்ப ஆச்சா?"

"நீங்க கேக்குற ஒவ்வொரு தடவையும் நான் தலையத் தூக்கிப் பதில் சொல்லணும். தலையத் தூக்குனா கை நிக்குது. பேசாம நில்லுங்க, ஆனதும் நானே கூப்பிடுறேன்."

பேசாமல் நிற்க முடியாத செல்லையன் சுவரைப் படிக்கத் தொடங்கினார். தாளின்மேல் விரலை வைத்து எழுத்துக் கூட்டியவர் சட்டென்று திரும்பி, அப்போதுதான் உள்ளறையிலிருந்து வந்த நீலாயதாட்சியைக் கேட்டார்.

"என்ன கம்ப்யூட்டரம்மா, ராகு காலத்த எழுதி ஒட்டிருக்கீங்க?"

"ராகு காலமா? அது மெஷின் மெதுவாப் போற நேரங்க."

"முந்தாநாளு செவ்வா, மூணுலேந்து நாலரை. நேத்து புதன், பன்னெண்டுலேந்து ஒண்ணரை. இன்னிக்கு வியாழன், ஒண்ணரைலேந்து மூணு. போன சனிக்கிழமை பத்தரை வரைக்கும்னு போட்டிருக்கு. ராகு காலம் இல்லாம வேற என்ன? திங்கக்கிழமை காலையில ஏழரைக்கு வந்துரும், நீங்க கடை தொறக்குறதுக்குள்ள போயிடும். அதான் திங்கள் மட்டும் எழுதல நீங்க."

நீலாயதாட்சி தாளைப் பார்த்தார். தேதி வாரியாக எழுதினாரே தவிரக் கிழமை வாரியாக எழுதியிருக்கவில்லை. இருபத்தேழு ஆண்டுகளில் முதல் தடவையாக, தாம் போட்ட பட்டியலை இன்னொருவர் தம்மைவிட நன்றாகப் படித்துவிட்டார்.

"மெஷினுக்குக் கூடவா ராகு காலம் புடிக்கும்? எங்க வூட்டுல யாரும் பாக்குறதில்ல. இது யாருகிட்ட கத்துக்கிச்சு?" என்று சிரித்தார் சஜிதா.

நீலாயதாட்சிக்குச் சிரிப்பு வரவில்லை. கோளாறுக்கு ராகுதான் காரணம் என்று நிர்வாகக் குழுவில் எழுதிக் கொடுத்தால், கிடங்குக்குக்கூட அனுப்பமாட்டார்கள், வேறெங்காவது அனுப்புவார்கள். அவர் நேரே உள்ளறைக்குப் போய்க் கருப்புத் திரையைத் திறந்து, டைரியைப் புரட்டினார். அவர் தேடிய கட்டளையின் பெயர் பெர்ஃப்.

பெர்ஃப் ஓர் ஒற்றன். இயந்திரத்துக்குள் புகுந்து, ஒரு விநாடிக்குத் தொண்ணூற்றொன்பது முறை சட்டென்று எட்டிப் பார்க்கும். இந்தக் கணத்தில் எந்த நிரல் வேலை செய்கிறது, அந்த நிரலின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று குறித்துக்கொண்டே போகும். முதலில் "ரெக்கார்ட்" என்றால் பதிவு செய்யும். பிறகு "ரிப்போர்ட்" என்றால் பதிந்ததைக் கூட்டிக் கழித்து, யார் யார் எவ்வளவு நேரத்தை எடுத்துக்கொண்டார்கள் என்று நூற்றுக்கு இத்தனை பங்கு எனப் பட்டியல் போடும். எவ்வளவு நேரம் பதிய வேண்டும் என்பதைச் சொல்லக் கட்டளையின் கடைசியில் "ஸ்லீப் முப்பது" என்று தட்ட வேண்டும். முப்பது விநாடி தூங்கு, அதுவரை ஒற்றன் எழுதட்டும் என்பது பொருள்.

நீலாயதாட்சி அதைத் தட்டிக்கொண்டிருக்கும்போது சோமசேகரன் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். திரையில் அவருக்குப் புரிந்த சொல் ஒன்றே ஒன்றுதான்.

"என்ன மேடம் இது? ஸ்லீப்புன்னு போடுறீங்க!"

"முப்பது செகண்டு தூங்கச் சொல்றேங்க சார்."

"வெளியில நாப்பது பேரு நிக்கிறான், நீங்க மெஷினத் தூங்கச் சொல்றீங்களா? இப்பத்தான் எனக்கு எல்லாம் புரியுது!"

"மெஷின் தூங்காதுங்க சார். இந்தக் கட்டளதான் தூங்கும். அது தூங்குறப்ப இன்னொண்ணு எழுதும்."

"தூங்குறதுக்கு ஒண்ணு, எழுதுறதுக்கு ஒண்ணு! நம்ம ஆபீஸையே உள்ள வச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுச் சோமசேகரன் வெளியேறினார். தம்மை அறியாமல் உண்மைக்கு மிக அருகில் வந்துபோனார் என்பது அவருக்குத் தெரியாது.

முப்பது விநாடி ஆயிற்று. "ரிப்போர்ட்" என்று தட்டிவிட்டு நீலாயதாட்சி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். நகல் எடுக்கும் பகுதி என்று ஒன்று பட்டியலில் இருக்க வேண்டும். அதன் பங்கு பூஜ்யம். "காப்பு" நிரல் ஒரே நேரத்தில் ஐந்து பிரதிகளாக ஓடிக்கொண்டிருந்தது, ஐந்தில் ஒன்றுகூட ஓர் எழுத்தையும் நகல் எடுக்கவில்லை. இயந்திரத்தின் பலத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கை அதிலிருந்த ஒரேயொரு பகுதி விழுங்கிக்கொண்டிருந்தது. ஆங்கில எழுத்தில் எழுதப்பட்ட அதன் தமிழ்ப் பெயரை நீலாயதாட்சி மெல்ல வாய்விட்டுப் படித்தார்.

"ராகு முடிஞ்சுதா."

இந்தக் கூத்தை எழுதியவன் எவன் என்று அவருக்கு முதலில் வந்தது கோபம். நிரலின் மூல எழுத்தைத் திறந்தார். தலைப்பில், நேர்த்தியாக நட்சத்திரக் குறிகளால் கட்டம் கட்டி, எழுதியவர் பெயரும் தேதியும் இருந்தன: க. நீலாயதாட்சி, 14.11.2011.

பெயரைப் பார்த்ததும் எல்லாம் நினைவுக்கு வந்தது. அப்போது செயலாளராக இருந்தவர் குஞ்சிதபாதம். இப்போது சங்கத்தின் தலைவர். ஒரு புதன்கிழமை நடுப்பகலில் எடுத்த காப்பு நகல் பழுதாகிவிட, "ராகு காலத்துல எடுத்தா வேற எப்படி இருக்கும்?" என்று கொதித்தார். இனிக் காப்பு மாலை ஆறு மணிக்குத்தான் ஓட வேண்டும். தவறிப் பகலில் ஓட நேர்ந்தாலும், ராகு காலமாக இருந்தால் அது முடியும்வரை காத்திருந்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்பது அவர் உத்தரவு. நீலாயதாட்சி கிழமை வாரியாக நேரங்களைப் பொதிந்து ஒரே மாலையில் எழுதிக் கொடுத்துவிட்டு, ஐந்தரைப் பேருந்தைப் பிடித்தார். ஆறு மணிக்கு ராகு காலம் வருவதில்லை ஆகையால் அந்த வரிகளுக்குப் பதினான்கு ஆண்டுகளாக வேலையே இல்லை. காப்பு கால் மணிக்கு ஒருமுறை ஆனதும், பகலின் ராகு காலத்தில் வந்து மாட்டிய ஒவ்வொரு நகலும் காத்திருக்கத் தொடங்கியது. அதுவும் எப்படி? "முடிஞ்சுதா? முடிஞ்சுதா? முடிஞ்சுதா?" என்று மூச்சு விடாமல் கடிகாரத்தைக் கேட்டுக்கொண்டு. பதினைந்து நிமிடத்துக்கு ஒருவராக ஆறு செல்லையன்கள் சாளரத்தில் வந்து சேர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு விநாடிக்குப் பல லட்சம் முறை "ஆச்சாம்மா?" என்றால் சஜிதா ரசீது போடுவது எப்படி?

மாலையில் வீட்டுக்கு வந்தவர் பைக்குள்ளிருந்து ஆய்வறிக்கைப் படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். கோளாறு, காரணம், தீர்வு என்று மூன்று கட்டம். முதலாவதும் மூன்றாவதும் நிரம்பியிருந்தன. காத்திருக்கும் நிரல் ஒருமுறை கேட்டதும் ஒரு நிமிடம் தூங்கிவிட்டு மறுமுறை கேட்க வேண்டும். ஒரே ஒரு வரியில் தீர்வு முடிந்துவிட்டது. தலைவரின் உத்தரவால் எழுதியது ஆகையால், குழு ஒப்புக்கொண்ட பிறகே அந்த வரியைச் சேர்க்க முடியும். நடுக் கட்டம் வெறுமையாக இருந்தது.

"என்னா யோசன?" என்று கேட்டுக்கொண்டே கார்த்திகேசன் காப்பி கொண்டுவந்து வைத்தார். நீலாயதாட்சி எல்லாவற்றையும் சொன்னார். கார்த்திகேசன் காப்பிக் கோப்பையைவிடச் சூடாக மலர்ந்தார்.

"அப்ப, ஆச்சா ஆச்சான்னு மூடியத் தொறந்து தொறந்து பாத்திருக்கு. அதானே?"

"ஆமா."

"நான் எத்தனை தடவ தொறந்தேன்?"

"இருபத்துமூணு."

"நீ எழுதுனது?"

"செகண்டுக்குப் பல லட்சம்."

கார்த்திகேசன் வெற்றியை அடக்க முயன்று, தோற்று, வாசல்வரை போய்ச் சிரித்துவிட்டுத் திரும்பினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "பேரு போடாம எழுதேன். பழைய நிரல்ல பிழ இருந்துச்சுன்னு. உன் பேரப் போட்டா நேரா கிடங்குதான்."

"2011ஆம் ஆண்டில் எழுதப்பட்ட நிரலில் ஒரு பிழை காணப்பட்டது" என்று தனித்தாளில் நீலாயதாட்சி எழுதிப் பார்த்தார். யாரால் எழுதப்பட்டது என்று சொல்லாமல் நழுவும் அந்த வாக்கியம், தேதி போடாத மருந்துச் சீட்டைப் போலிருந்தது. அடித்துவிட்டார். படிவத்தின் நடுக் கட்டத்தில் தம் பெயரை எழுதி, அதன்கீழே கோடும் போட்டார்.

வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழு பத்து மணிக்குக் கூட வேண்டும். தலைவர் குஞ்சிதபாதம் வந்து சேர்ந்தபோது மணி பத்து முப்பத்திரண்டு. ராகு காலம் தொடங்கி இரண்டு நிமிடம் ஆகியிருந்தது. எழுபத்துநான்கு வயதில் தலைவர் எதை விட்டுக்கொடுத்தாலும் அதை விட்டுக்கொடுக்கமாட்டார்.

"பன்னெண்டு அடிக்கட்டும். அப்புறம் தொடங்குவோம்" என்று நாற்காலியில் சாய்ந்தார்.

"பன்னெண்டேகாலுக்கு எனக்கு ஜும்ஆத் தொழுகைங்க" என்றார் துணைத் தலைவர் காஜா நஜ்முதீன். வரிச்சிக்குடியில் நிலமும் கடைத்தெருவில் ஜவுளிக்கடையும் உள்ளவர்; எதையும் பேசி முடிப்பதில் வல்லவர். "கால் மணி நேரத்துல என்னாத்தப் பேசி என்னாத்த முடிக்கிறது?"

ஐந்து உறுப்பினர்களும் செயலாளரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார்கள். ஒரு கோப்பைக்கூட யாரும் பிரிக்கவில்லை, பிரித்தால் தொடங்கியதாகிவிடும். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது "மணி என்னாச்சு?" என்று கேட்பார், ஐந்து பேரும் தலையைத் தூக்குவார்கள்.

வெளியே ரசீதுச் சாளரத்தில் இரைச்சல் ஏறிக்கொண்டே போயிற்று. பதினொன்றே முக்காலுக்குச் சஜிதா கதவைத் திறந்து தலையை நீட்டினார். "அக்கா, ஒரு ரசீதும் வரல. செல்லையன் பெரியவரு தரையில உக்காந்துட்டாரு. எந்திரிக்கமாட்டேங்குறாரு."

காஜா நஜ்முதீன் பொறுமை இழந்தார். "ஏம்மா நீலாயதாட்சி, காரணம் தெரிஞ்சுதா, இல்லையா? கூட்டத்துல சொல்ல வேணாம், சும்மா பேச்சுக்குச் சொல்லுங்க. பேசுறதுக்கு ராகு காலம் கெடையாதுல்ல?"

நீலாயதாட்சி மடிக்கணினியைத் திருப்பி வைத்து, பெர்ஃபை முப்பது விநாடி ஓடவிட்டார். "ஸ்லீப்" என்ற சொல் வந்ததும் சோமசேகரன் இருமினார். பட்டியல் விரிந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு.

"நகல் எடுக்கவே இல்லீங்க. ராகு காலம் முடிஞ்சுதான்னு கேட்டுக்கிட்டு நிக்குது. இப்ப ஆறு நிக்குது. கேக்குறதே வேலையாப் போச்சு, அதனால உண்மையான வேலைக்கு எடமில்ல."

"கேட்டுக்கிட்டே இருந்தா வேலை கெட்டுப் போகுமா?" என்றார் தலைவர்.

நீலாயதாட்சி மேசையைச் சுற்றிப் பார்த்தார். பிரிக்காத ஆறு கோப்புகளைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். காஜா நஜ்முதீன்தான் முதலில் வெடித்துச் சிரித்தார்.

"அத நிறுத்துங்கம்மா, மொதல்ல!"

"ராகு காலத்துல எதையும் செய்யக் கூடாது" என்று தலைவர் கையை உயர்த்தினார்.

"தொடங்கத்தானே கூடாது? இந்த ஆறும் இன்னும் தொடங்கவே இல்லன்னு இவங்களே சொல்றாங்க. தொடங்காதத நிறுத்துறதுல என்னாங்க தோஷம்?"

குஞ்சிதபாதம் சற்று நேரம் கண்ணை மூடி ஆராய்ந்தார். "நிறுத்தலாம்" என்றார்.

அதற்குரிய கட்டளை "கில்", அதாவது கொல். அதைத் திரையில் கண்ட தலைவர், "வெள்ளிக்கிழமையும் அதுவுமா அந்தச் சொல்ல எழுதணுமா?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்ள, நீலாயதாட்சி தட்டினார். ஆறும் அடங்கின. வெளியே அச்சுப்பொறி ஒரு நிமிடம் கனைத்தது. பிறகு, தேங்கியிருந்தவை எல்லாம் மடை திறந்தாற்போல் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. சஜிதா கிழித்துக் கிழித்து நீட்டும் ஓசையும், பெயர் சொல்லிக் கூப்பிடும் குரலும் உள்ளே கேட்டன.

தலைவர் முகத்தைத் திருப்பினார். "யாரு எழுதுனது அந்த நிரலை?"

"நாந்தாங்க" என்றார் நீலாயதாட்சி.

சோமசேகரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் வாயைத் திறப்பதற்கும் கதவு திறப்பதற்கும் சரியாக இருந்தது. செல்லையன் ஒரு தாளை இரு கையிலும் ஏந்தியபடி உள்ளே வந்தார்.

"அம்மா, விதை கேட்டா வேலை குடுத்திருக்கீங்களே! 'உடனடியாக நெடுங்காடு கிடங்கில் பொறுப்பேற்க வேண்டும்'னு போட்டிருக்கு. நான் எப்படிம்மா போவேன்? தண்ணி இன்னிக்கோட நிக்குது."

காஜா நஜ்முதீன் எழுந்து தாளை வாங்கிப் படித்தார். கூட்டத்தில் கையெழுத்துக்கு வைப்பதற்காகச் சோமசேகரன் பத்தரை மணிக்கே அச்சுக்கு அனுப்பிய நீலாயதாட்சியின் மாற்றல் உத்தரவு அது. ரசீதுகளோடு ரசீதாக ஒன்றேகால் மணி நேரம் வரிசையில் நின்று, வேகத்தில் சஜிதாவின் கைக்கு வந்து, செல்லையன் பேருக்குப் போய்விட்டது.

"கூட்டம் தொடங்கறதுக்கு முன்னாடியே தீர்மானம் போட்டாச்சா, செயலாளரே? அதுவும் ராகு காலத்துல?" என்றார் காஜா நஜ்முதீன்.

"ராகு காலத்துலயா அனுப்புனீங்க?" தலைவரின் குரல் உயர்ந்தது. இடமாற்றத்தைவிட அதுதான் அவரைத் தாக்கியது.

"தலைவரே, அது ஒரு பக்கம். தப்பா நிரல் எழுதுனது இவங்கதான்னு இவங்களே..." என்றார் சோமசேகரன்.

"என்ன தப்பு?" குஞ்சிதபாதம் நாற்காலியில் நிமிர்ந்தார். "உத்தரவு போட்டவன் நான். இரண்டாயிரத்துப் பதினொண்ணுல நான் வாயால சொன்ன சொல்ல, பதினாலு வருசம் கழிச்சும் அந்த மெஷின் மறக்காம நிக்குது. இந்த ஆபீஸ்ல நான் சொன்னதுல வேற எதுய்யா இன்னிக்கு நடக்குது?"

அவர் கண்களில் உண்மையாகவே ஈரம் இருந்தது. புது சர்வரைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை.

பன்னிரண்டு அடித்ததும் கூட்டம் தொடங்கியது. பன்னிரண்டு மணி எட்டு நிமிடத்துக்கு முடிந்தது. சங்கத்தின் வரலாற்றில் அதைவிடக் குறுகிய கூட்டம் இல்லை என்று நீலாயதாட்சியின் டைரி சொல்கிறது. தீர்மானம் ஒன்றுதான்: காப்பு நிரல் ராகு காலத்தில் தொடர்ந்து காத்திருக்கலாம், ஆனால் காத்திருக்கும் வேளையில் தூங்க அனுமதிக்கப்படுகிறது. "தூங்க" என்பதற்குப் பதிலாக "ஓய்வெடுக்க" என்று போடலாமே என்று சோமசேகரன் சொன்ன திருத்தம் ஏற்கப்பட்டது. காஜா நஜ்முதீன் முதலில் கையெழுத்திட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு விரைந்தார்.

ஆய்வறிக்கைப் படிவத்தின் நடுக் கட்டத்தை உற்றுப் பார்த்த தலைவர், பேனாவைக் கீழே வைத்தார்.

"இதுல உங்க பேரு மட்டும் இருக்கு. என் பேரையும் போடுங்க."

"காரணம்னு போட்டிருக்குங்க சார், அந்தக் கட்டத்துல."

"தெரியும். போடுங்க."

கட்டம் சிறியது. "குஞ்சிதபாதம்" என்னும் பெயரின் கடைசி இரண்டு எழுத்துகள் கோட்டைத் தாண்டித் தீர்வுக் கட்டத்துக்குள் போய் நின்றன. நீலாயதாட்சி எழுதிய தாள்களிலேயே கோடு தாண்டியது அது ஒன்றுதான்.

செல்லையனுக்கு விதை கிடைத்தது. அன்று மாலையே ஊறப் போட்டார்; முறைத் தண்ணீர் நிற்பதற்குள் நாற்றங்காலுக்கும் பாய்ச்சிவிட்டார். அவர் விட்டுச்சென்ற மாற்றல் உத்தரவு மறுபக்கம் வெள்ளையாக இருந்ததால், நல்ல தாளை வீணாக்க மனமில்லாமல் நீலாயதாட்சி அதை மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை அதில் கோடு போட்டு, கடிகாரத்தோடு சமையலறை வாசலில் உட்கார்ந்தார்.

நாற்பத்தொரு நிமிடம். மூடி திறந்தது ஒருமுறை. அதுவும், "நான் இல்லப்பா" என்று கார்த்திகேசன் இரண்டு கையையும் தூக்கிக் காட்டிய பிறகு, மாவு ஆகிவிட்டதா என்று நீலாயதாட்சியே திறந்து பார்த்தது.